பீக் நகர்ந்த சனிக்கிழமை

"ஒரே ஒரு நம்பர்தான் கேத்தி. ரெண்டு தாளுக்கும் நடுவுல இருக்கிற பிடிமானம். அதைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா உன் கணக்கும் என் பீக்கும் ஒரே இடத்துல வந்து உட்கார்ந்துடும். சாரே சொல்றாரு."

கணவன் டேவிட் சென்னையிலிருந்து போனில் இதைச் சொன்னபோது கேத்தரின் போர்ட் பிளேர் லம்பா லைன் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைச்சலோடு இறங்கியது. அந்தத் தெருவில் விமானம் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது வழக்கம். விமானம் போன பிறகும் கேத்தரின் மீனைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்குதா?"

"கேட்குது."

"அப்புறம்?"

"நீங்க அதை இன்னொரு தடவை சொல்லாதீங்க. சொன்னதை நான் மறந்துடுறேன்."

தனியாகப் பேசும்போது அவள் அவனை நீ என்றுதான் சொல்வாள். ஒரே வகுப்பில் படித்தவர்கள். அம்மா லூசி பக்கத்தில் இருந்தால் மட்டும் நீங்க. அன்றைக்கு லூசி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது டேவிட்டுக்கும் தெரியும். அவன் போனை வைத்துவிட்டான்.

கேத்தரின் பிறந்தது தெற்கு அந்தமானில், கடலோர ஊரான வண்டூரில். அப்பா செபஸ்தியான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இளவயதில் படகு எஞ்சின் வேலை பார்க்க வந்தவர். இப்போது சுற்றுலாக்காரர்களைத் தீவு பார்க்கக் கூட்டிப்போகும் படகு ஒன்றை வைத்திருக்கிறார். பள்ளியில் மகள் நன்றாகப் படித்தாள். தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்டில் ஒதுக்கிய இடம் ஒன்று கிடைத்து பாளையங்கோட்டைக்குப் போனாள். அங்கேதான் டேவிட். இரண்டு பேருக்கும் இயற்பியல். அவனுக்குக் கருவிகளின் மேல் கை போகும். அவளுக்குக் கணினியில் கணக்குப் போடப் பிடிக்கும். இருவரும் முனைவர் பட்டம் வாங்கினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பிறகு போர்ட் பிளேரில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அவளுக்கு இயற்பியல் ஆசிரியர் வேலை வந்தது. நிரந்தர வேலை. துணைக்கு லூசி வண்டூரிலிருந்து வந்து கூட இருந்தாள். டேவிட்டுக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் காண்ட்ராக்ட் வேலை. கொஞ்ச நாள் இப்படி இருக்கட்டும் என்று தொடங்கியதுதான். நடுவில் கடலோடு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

பகலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஊசலும் மின்சுற்றும் நடத்திவிட்டு, மாலையில் அவள் டேவிட்டின் ஆய்வுக்கூடத்துச் சென்னைக் கணினிக்குள் இங்கிருந்தபடியே இணையம் வழியாக நுழைவாள். அவள் போட்டது கிராஃபீன் கணக்கு. கரி அணுக்கள் தேன்கூடு மாதிரிக் கைகோத்துக்கொண்டு, ஓர் அணுவின் கனத்துக்கு விரிந்து கிடக்கிற தாள் அது. பென்சில் முனைக் கரி என்பது அந்தத் தாள்களின் அடுக்குதான். அதில் இரண்டை மட்டும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் தாளைச் சற்றே திருப்பிவிட்டால் புதிதாக ஒரு கோலம் பிறக்கும். வண்டூரில் நாற்றுக்கு வெயில் படாமல் கட்டுகிற பச்சை வலையை இரட்டையாகப் போட்டால் கண்ணிகள் பொருந்தாமல் பெரிய பெரிய நிழல் வட்டங்கள் தெரியுமே, அதுபோல. திருப்புகிற கோணம் மாறினால் வட்டங்களின் அளவு மாறும். தாளின் குணமே மாறும்.

அந்தத் தாள்களில் எந்த அணுவும் சும்மா நிற்காது. எல்லாம் சேர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். பல வகை அதிர்வுகள். அவற்றில் ஒன்றில் இரண்டு தாள்களும் நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். மூச்சு விடுவது மாதிரி. ஆய்வுக்கூடத்தில் அதற்கு மூச்சு அதிர்வு என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த மூச்சின் வேகம் தெரிந்தால், இரண்டு தாள்களும் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

டேவிட் அதை லேசரால் அளந்தான். தாளில் பட்டுத் திரும்புகிற ஒளியின் நிறம் மிக மிகக் கொஞ்சமாக மாறியிருக்கும். கருவி அதை வரைபடமாகக் காட்டும். கோட்டில் ஓரிடத்தில் மேடு எழும்பும். அதுதான் பீக். அது எந்த இடத்தில் எழும்புகிறது என்பதுதான் மூச்சின் வேகம். கேத்தரினின் கணக்கு ஓர் இடத்தைச் சொன்னது. டேவிட்டின் பீக் அதற்கு நன்றாகக் கீழே எழும்பியது.

அவன் ஆய்வுக்கூடத்தின் தலைவர் பேராசிரியர் நந்தகுமாருக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம். குறிப்பிட்ட அந்தக் கோணத்தில் தாள்கள் எதிர்பாராத அளவுக்குத் தளர்வாகப் பிடித்திருக்கின்றன, இது புதிய விஷயம் என்று ஒரு மாநாட்டில் பேசிவிட்டு வந்தார். கட்டுரையும் எழுதியாகிவிட்டது. கணக்குப் பகுதி மட்டும் பாக்கி. கணக்கும் அளவும் ஒத்துப்போனால் பெரிய பத்திரிகைக்கு அனுப்பலாம். டேவிட்டின் காண்ட்ராக்டை நீட்டுவதற்கும் அந்தக் கட்டுரைதான் ஆதாரம்.

லூசிக்கு இதெல்லாம் முழுக்கத் தெரியாது. ஆனால் கோயிலிலிருந்து வந்தபோது, கழுவிய மீனை மகள் மறுபடி கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, மருமவன்கூட என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா மீனைப் போட்டு இந்தத் தேய் தேய்க்க?"

கேத்தரின் கையைத் துடைத்தாள். "அவர் ஒரு விடை வச்சிருக்காரு. அந்த விடையை நான் கணக்குக்குள்ள போட்டு, அப்புறம் நானே அதை வெளிய எடுத்து, பாருங்க பொருந்துதுன்னு சொல்லணுமாம்."

"பிள்ளைங்க பின்பக்கத்துல விடையைப் பார்த்துட்டு கணக்கு எழுதுதே, அது மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப செய்யாத." லூசி மீன் சட்டியை வாங்கிக்கொண்டாள். மஞ்சள் போட்டாள், உப்புப் போட்டாள். அப்புறம்தான் கேட்டாள். "செய்யலைன்னா அவரு வேலை என்னாகும்?"

கேத்தரின் அரிவாள்மணையைக் கழுவி வைத்தாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. டேவிட்டின் சாம்பிள் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லில் இருந்தது. சில்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. துளையின் மேல் அந்த இரண்டு தாள்களும் மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியபடி நின்றன. அடியில் ஒன்றுமில்லை, காற்றுதான். லேசரை அதன்மேல் குவித்தால் சூடு எங்கே போகும்? சூடேறினால் தாள்கள் தளரும், மூச்சு மெதுவாகும், பீக் கீழே இறங்கும். புது விஷயமே இல்லை, வெறும் சூடு.

மறுநாள் அதைச் சொன்னாள். டேவிட் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான்.

"பவரைக் குறைச்சு அளக்கச் சொல்ற. குறைச்சா பீக் இரைச்சல்ல முங்கிடும் கேத்தி. ஒரு கோடு வரைய மணிக்கணக்கா உட்காரணும். மெஷின் என் ஒருத்தனுக்கா? அந்த சாம்பிளும் பழசு. இன்னொரு தடவை லேசர் பட்டா தாங்குமோ என்னமோ."

"தாங்காத அளவுக்கு சூடாகுதுன்னு நீயே ஒத்துக்கிற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன?"

அதன் பிறகு ஒரு வாரம் போல இரண்டு பேரும் சாப்பாடு, அம்மாவின் சர்க்கரை, மழை இவற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். போன் அடித்தால் லூசி ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பாள். மகள் குரலைக் கேட்டுவிட்டு மறுபடி கூட்டிவைப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை டேவிட்டே கூப்பிட்டான். அவன் குரலில் ஒரு முடிவு இருந்தது.

"நாளைக்கு மெஷின் காலி. வேற டிபார்ட்மெண்ட் பையன் ஸ்லாட்டை விட்டுட்டான். நாள் முழுக்க எனக்குத்தான். நீ சொன்ன மாதிரியே பண்றேன். முழு பவர், அப்புறம் பாதி, அப்புறம் அதுல பாதி. பீக் அசையாம இருந்துச்சுன்னா நீ கட்டுரையில கையெழுத்துப் போடணும். நகர்ந்துச்சுன்னா நானே சார்கிட்ட போய், கேத்தரின் கணக்குதான் சரின்னு சொல்லிடறேன். அவர் கட்டுரையை நிறுத்தினாலும் சரி, என்னை நிறுத்தினாலும் சரி."

"நாளைக்கு நான் ரங்கத் போறேனே. திங்கக்கிழமை அங்க ஸ்கூல்ல பிராக்டிக்கல் எக்ஸாம், நான்தான் எக்ஸாமினர். ஞாயிறு பஸ்ல டிக்கெட் இல்ல."

"போ. உனக்கு இங்க என்ன வேலை? அளக்கிறது நான்தானே."

"ஒவ்வொரு கோடும் அனுப்பு."

"அனுப்புறேன்."

சனிக்கிழமை விடியும்போதே, வடக்கே மத்திய அந்தமானில் இருக்கிற ரங்கத்துக்குப் போக அவள் மோகன்புரா பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். பக்கத்து இருக்கையில் ரங்கத் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் இந்திராணி. நிக்கோபாரில், கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் பெற்றோர் சிலோனிலிருந்து வந்து குடியேறியவர்கள். பஸ் ஊரைத் தாண்டுமுன் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து காட்டுக்குள் எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் போக வேண்டும். நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. ஜாரவா பழங்குடி மக்களின் காடு அது. ஆட்கள் இறங்கி டீயும் சமோசாவும் சாப்பிட்டார்கள். கேத்தரின் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். முதல் செய்தி வந்தது.

ஆரம்பிச்சுட்டேன். முழு பவர். அதே பழைய இடம்.

எதிர்பார்த்ததுதான். அவள் சரி என்று பதில் போட்டாள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான்.

"சலோ, சலோ. மேடம், ஆகே நெட்வர்க் நஹி மிலேகா. பேசறதுன்னா இப்பவே பேசிக்கோங்க."

அவள் ஏறி உட்கார்வதற்குள் இரண்டாவது செய்தி.

பாதி பவர் ஓடுது. இன்னும் கோடு தெளியல. ஆனா...

அவ்வளவுதான். ஆனா என்பதற்குப் பிறகு அவன் புள்ளி வைத்திருந்தான், எழுத ஒன்றும் கிடைக்காதவன்போல. பஸ் காட்டுக்குள் நுழைந்தது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் குறுக்குக்கோடு விழுந்தது.

இருபக்கமும் மரங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றன. பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. கேத்தரின் அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகர்கிறது என்றுதான் அர்த்தம். மேலே போகிறது. தன் கணக்கை நோக்கிப் போகிறது. சந்தோஷப்பட வேண்டும். அது வரவில்லை. எங்கேயோ இடறியது.

எவ்வளவு தூரம் போகும்? தன் கணக்கு சொன்ன இடம் வரைக்கும் போகுமா?

கணக்கை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அணுக்களை அடுக்கியது, தாளைத் திருப்பியது, இரண்டு தாள்களுக்கும் இடையே தூரத்தை வைத்தது. வைத்தது. அங்கேயே நின்றாள். அந்தத் தூரத்தை அவள் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கவில்லை, கையால் வைத்திருந்தாள். திருப்பாத சாதாரணக் கரியடுக்கில் தாள்களுக்கு நடுவே என்ன தூரம் இருக்குமோ அதையே இங்கேயும் போட்டிருந்தாள். திருப்பிய தாள்களில் அப்படி இருக்காது. சில இடங்களில் அணுவுக்கு நேர்மேலே அணு வந்து ஒன்றையொன்று தள்ளும், தாள் அங்கே உப்பும். சில இடங்களில் அணு பள்ளத்தில் பொருந்தும், தாள் அங்கே அமுங்கும். தாள்களைத் தம் போக்கில் நெளியவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதலில் ஒரு தோராயத்துக்கு இப்படிப் போடுவோம், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று போன வருஷம் நினைத்தாள். பிறகு சண்டை வந்தது. தோராயம் என்பது மறந்து அது அவள் நம்பர் ஆகிவிட்டது. அதற்காகவே அவனோடு இத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

கையால் ஒரு நம்பரைப் போடச் சொன்னான் என்றுதானே அவனிடம் முகத்தைத் திருப்பினாள்.

நெளியவிட்டால் தாள்கள் சராசரியில் கொஞ்சம் விலகும். பிடிமானம் தளரும். அவள் நம்பரும் கீழே வரும். எவ்வளவு என்று தெரியாது. டேவிட் இப்போது அந்த நம்பரை நம்பிப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டப் போகிறான். கேத்தரின் கணக்குதான் சரி என்று சொல்லப் போகிறான். ஆய்வுக்கூடத்தில் வேறு யாராவது அந்தக் கணக்கை ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் போதும், தூரத்தைக் கையால் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் வேலையும் போய், பேரும் கெடும்.

போனை எடுத்தாள். குறுக்குக்கோடு அப்படியே இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல முடியாது. சொன்னாலும் பயனில்லை. வழிநெடுக அவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் இந்திராணி கண்ணைத் திறந்தாள்.

"வீட்டில யாருக்கும் சுகமில்லையா?"

"இல்லக்கா. ஒரு அவசரம். அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டியில என்ட போன்ல சில நேரம் டவர் எடுக்கும். பி.எஸ்.என்.எல். பாருங்க."

ஜெட்டி எனப்படும் அந்தப் படகுத்துறையில், பஸ் பெரிய படகில் ஏறி அக்கரை போவதற்காக எல்லோரும் இறங்கினார்கள். இந்திராணி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரையோரம் நடந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு கோடு வந்தது. கேத்தரின் டேவிட்டின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அவனே துண்டித்தான். தெரியாத நம்பர். அளந்துகொண்டிருக்கும்போது தெரியாத நம்பரை அவன் எடுக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

செய்தி தட்டினாள். நான் கேத்தி. என் நம்பரும் தப்பு. தூரத்தைக் கையால வச்சிருக்கேன். நான் பேசும்வரை சார்கிட்ட போகாத.

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. படகிலிருந்து கண்டக்டர் கூப்பிட்டான். பஸ்ஸும் ஒரு லாரியும் இரண்டு ஜீப்பும் ஏறிவிட்டன, இவர்கள்தான் பாக்கி. இந்திராணி அவள் தோளைத் தொட்டாள். படகில் ஏறிப் பாதித் தண்ணீர் தாண்டியபோது திரையில் சிவப்பாக வந்தது, செய்தி போகவில்லை என்று.

அக்கரையில், பாராடாங்கிலும் டவர் கிடைக்கவில்லை. அதைத் தாண்டி மறுபடி காடு. இந்திராணி பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்துக் கொடுத்தாள். கேத்தரின் வாங்கிக்கொண்டாள். சாப்பிட மறந்து, ரங்கத் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

ரங்கத் பஜாரில் பஸ் நின்றதும் போன் உயிர் பெற்றுத் தொடர்ந்து அதிர்ந்தது. படங்கள், செய்திகள், தவறிய அழைப்புகள். அவள் காய்கறிக் கடைகளின் பின்னால், காலிக் கூடைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய்ப் படித்தாள். பாதி பவரில் பீக் மேலே போயிருந்தது. அதிலும் பாதியில் இன்னும் மேலே. மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு அனுப்பியிருந்தான். மேடு மூன்று இடங்களில் நின்றது. குழந்தைக்கும் புரியும் படம். கடைசியாக ஒரு செய்தி.

நீ சொன்னதுதான் சரி. சார் ரூமுக்குப் போறேன்.

அழைத்தாள். உடனே எடுத்தான்.

"கேத்தி, நான் சார்கூட இருக்கேன். ஸ்பீக்கர்ல போடுறேன். சார் உன்கிட்ட பேசணுமாம்."

"டேவிட், முதல்ல நான் உன்கிட்ட..."

"வணக்கம்மா." பேராசிரியர் நந்தகுமாரின் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "டேவிட் எல்லாத்தையும் காட்டினார். பவர் குறையக் குறைய பீக் மேல போகுது. சரி. கடைசியா, திரும்ப பவரை ஏத்தினா பழைய இடத்துக்கே வருதான்னு பார்க்கிறதுக்கு ஏத்தியிருக்கார். சாம்பிள் கிழிஞ்சு போச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவன் அதை எழுதவில்லை.

"ஆகவே இனிமே யாரும் இதைச் சரிபார்க்க முடியாது. கிழியப்போற சாம்பிள்ல கடைசியா எடுத்த அளவுன்னு நாலு பேர் சொல்வாங்க. டேவிட் ஒண்ணைத்தான் சொல்றார். பீக் உங்க கணக்குப் பக்கம் போகுது, உங்க கணக்கு சரி, அதனால நம்ம கட்டுரை தப்புன்னு. நான் உங்ககிட்டேயே கேக்கிறேன். உங்க கணக்கு சரியா?"

கூடைக்காரன் ஒருவன் அவளை ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கினாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். டேவிட் அறைக்குள் நின்றுகொண்டிருக்கிறான். அவன் சாம்பிளைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்பதே அந்த ஒரு சொல்லை நம்பித்தான். பிறகு வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொள்ளலாம். போன வருஷமும் அப்படித்தான் நினைத்தாள்.

"இல்ல சார்."

டேவிட் மூச்சை இழுப்பது அவளுக்குக் கேட்டது.

"தாள்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை நான் கணக்கிடல. பழைய அளவைக் கையால வச்சுட்டேன். தாள்கள் நெளியறதுக்கு இடமே கொடுக்கல. அதைச் சரிபண்ணினா என் நம்பரும் கீழ வரும்."

"எவ்வளவு?"

"தெரியாது சார். போட்டுப் பார்த்தாத்தான்."

"எப்போ தெரிஞ்சுது இது?"

"இப்ப வரும்போது. பஸ்ல."

"பஸ்ல." பேராசிரியர் ஒரு தடவை அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். "திங்கக்கிழமை கட்டுரையை அனுப்பறதா இருந்தேன். இப்போ அளந்தவரும் தப்புங்கிறார், கணக்குப் போட்டவங்களும் தப்புங்கிறாங்க. நான் எதை நம்பறது?"

"பீக் நகர்ந்ததை நம்புங்க சார்." அவள் போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தாள். "அது என் கணக்கை நம்பி நிக்கல. என் கணக்கே இல்லாட்டியும் அது நகர்ந்தது நகர்ந்ததுதான். சூட்டுலதான் நகர்ந்திருக்கு. தளர்வான பிடிமானம்னு அதை எழுதி அனுப்ப முடியாது."

"நான் யோசிக்கணும்" என்றார் அவர். போன் நின்றது.

வெகுநேரம் கழித்து, பள்ளிக்கூடத்து விருந்தினர் அறையில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டேவிட் கூப்பிட்டான்.

"அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னால என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லத்தான் பார்த்தேன். ஜெட்டியில ஒரு அக்கா போன்ல இருந்து ரெண்டு தடவை அடிச்சேன். நீ கட் பண்ணின."

"அது நீயா."

"சாம்பிள் கிழிஞ்சதை நீயும் எனக்குச் சொல்லல."

"சொல்லியிருந்தா நீ அழுவ. பஸ்ல உட்கார்ந்து அழ வேணாம்னு நினைச்சேன்." பிறகு சொன்னான், "ரூம்ல நீ 'இல்ல சார்'னு சொன்னப்போ எனக்கு உன்மேல வந்த கோபம் இருக்கே கேத்தி. இன்னும் இருக்கு. ரெண்டு நாள் பேச வேணாம்."

அவள் சரி என்றாள். திங்கட்கிழமை பிள்ளைகள் லென்சை நகர்த்திப் பிம்பம் தேடுவதைப் பார்த்து மதிப்பெண் போட்டாள். ஒரு பெண் எதிர்பார்த்த விடை வரவில்லை என்று அளவை அழித்துத் திருத்தப் போனபோது, வந்ததையே எழுது என்று மட்டும் சொன்னாள்.

பேராசிரியர் கட்டுரையை அனுப்பவில்லை. மாநாட்டில் பேசியதைத் திரும்பப் பெறுவதாகச் சிலருக்கு எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அதற்காக அவர் டேவிட்டைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் கட்டுரை இல்லாமல் காண்ட்ராக்டை நீட்ட வழியில்லை. அது தானாகவே முடிந்துபோனது. டேவிட் பெட்டிகளோடு கப்பலில் வந்து இறங்கினான். செபஸ்தியான் வண்டூரிலிருந்து ஜீப் கொண்டுவந்து மருமகனை லம்பா லைன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் படகுக்கு வாங்கிய புது எஞ்சினைப் பற்றித்தான் பேசினார்.

வீட்டில் முதல் நாட்கள் சுலபமாக இல்லை. சின்ன வீடு. ஒருவர் சமையலறைக்குப் போனால் மற்றவர் கூடத்துக்கு வந்தார். லூசி இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டாள். ஒரு நாள் சலித்துப்போய் இருவர் தட்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவர்கள் பேசினார்கள். முதலில் வேலையைப் பற்றி. பாலிடெக்னிக்கில் கெஸ்ட் லெக்சரர் தேவைப்படுகிறது என்று கேத்தரின் சொன்னாள். தெரியும், விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்றான் அவன்.

"பிடிமானத்தைக் குறைச்சுப் போடுன்னு உன்கிட்ட கேட்டேனே. அது சார் சொன்னதுன்னு சொன்னேன். அவர் கேட்டுப் பாருன்னுதான் சொன்னார். கேட்டது நான்தான்."

"தூரத்தைக் கையால வச்சதும் நான்தான்."

"உன் கணக்கு எந்த நிலையில இருக்கு?"

"ஓடுது. தாள்களை நெளிய விட்டிருக்கேன்."

"காட்டு."

அது முடிய மழைக்காலம் வந்துவிட்டது. சென்னைக் கணினியில் அவர்களுக்குக் கிடைத்த இடம் குறைவு; வேலை நடுவில் இரண்டு தடவை நின்று மறுபடி தொடங்கியது. முடிந்த நாளில் டேவிட் பாலிடெக்னிக்கிலிருந்து நனைந்துகொண்டு வந்தான். துண்டைத் தலையில் போட்டபடியே அவள் பின்னால் நின்று பார்த்தான். திரையில் தாள்கள் மேடும் பள்ளமுமாக நெளிந்திருந்தன. அவள் நம்பர் நினைத்ததைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது. அவனுடைய மிகக் குறைந்த பவர் அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ஆனாலும் சற்று மேலேதான் நின்றது, பொருந்தவில்லை.

"மிச்சச் சூடு இருந்திருக்கும்" என்றான் அவன். "இன்னும் குறைச்சிருந்தா இன்னும் மேல போயிருக்கும்."

"இல்லன்னா என் கணக்குல இன்னும் ஏதோ தப்பு இருக்கு."

"ரெண்டுல எதுன்னு சாம்பிள் இல்லாம எப்படிச் சொல்றது?"

அப்படியே எழுதினார்கள். இரண்டு பேர் பெயரையும் போட்டு, இரண்டு சந்தேகத்தையும் சொல்லி, கணக்கில் எந்தெந்த இடத்தில் எதைக் கையால் வைத்திருக்கிறோம் என்பதையும் தனியாகக் குறித்துப் பேராசிரியருக்கு அனுப்பினார்கள். பல நாள் பதில் இல்லை. கேத்தரின் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் பள்ளி இடைவேளையில் டேவிட் போன் செய்தான். ஆய்வுக்கூடத்தில் உமா மகேஸ்வரி என்ற மாணவி புது சாம்பிள் செய்திருக்கிறாள், கோணம் கிட்டத்தட்ட அதேதான். கல்லூரி விடுமுறையில் சில வாரம் வந்து அளந்து கொடுக்க முடியுமா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். வேலை என்று எதுவும் சொல்லவில்லை, அளக்க மட்டும்தான்.

"போறியா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் பார்த்துட்டேன்."

மைதானத்தில் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"இந்தத் தடவை ரொம்பக் குறைஞ்ச பவர்ல இருந்து ஆரம்பி. மேல இருந்து வராத."

"அதான் நானும் நினைச்சேன். ஆனா ஒரு கோட்டுக்கே ஒரு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

மணி அடித்தது. அடுத்த வகுப்பு அவளுக்கு, பிளஸ் ஒன் பி பிரிவு, எளிய சீரிசை இயக்கம். போனைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.